நாட்டின் நீர்வளமும் சர்வதேச வர்த்தக ஒப்பந்தங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர் எடுப்பு உரிமங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகள், ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குக் குறிப்பு எழுதுபவர்கள், தங்கள் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன ஆகும் என்று கவலைப்படும் மக்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஒரு நாட்டின் தண்ணீர் காப்பாற்றப்படுவதும் கைவிட்டுப் போவதும் துறைமுகத்தில் முடிவாவதில்லை. உரிமம் எழுதப்படும் மேசையிலேயே அது முடிவாகிவிடுகிறது.

ஆற்றிலும் ஏரியிலும் நிலத்தடியிலும் இருக்கும் தண்ணீர் வர்த்தக ஒப்பந்தத்துக்குள் வருமா?

இயல்பான நிலையில் இருக்கும்வரை வராது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. நாஃப்டா என்ற வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன், 1993 டிசம்பரில் கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றும் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. ஏரி, ஆறு, நீர்த்தேக்கம், நிலத்தடி நீர்த்தாங்கி, படுகை (ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ நீர் வந்து சேரும் மொத்தப் பரப்பு) ஆகியவற்றில் இயல்பாக உள்ள நீர் சரக்கு அல்ல, எந்த வர்த்தக ஒப்பந்தமும் அதைக் கட்டுப்படுத்தாது என்று அதில் சொன்னார்கள். ஆனால் அதே அறிக்கையில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: நீர் "வணிகத்துக்குள் நுழைந்து சரக்காக மாறாத வரை". சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. உலக நாடுகள் பயன்படுத்தும் சுங்கப் பட்டியலில் 22.01 என்ற தலைப்பே இயற்கை நீர், கனிம நீர், பனிக்கட்டி, பனி ஆகியவற்றுக்கானது. புட்டியிலோ தொட்டியிலோ அடைத்து விலை வைத்துவிட்டால் அது மற்றச் சரக்குகளைப் போன்றதுதான்.

எந்தக் கட்டத்தில் தண்ணீர் சரக்காகிறது?

எந்த ஒப்பந்தமும் இதை வரையறுக்கவில்லை. நடைமுறையில் அதை முடிவு செய்வது உள்நாட்டுச் சட்டம்தான்: நீரை எடுத்து விற்கலாம் என்று அரசு எப்போது அனுமதி தருகிறதோ அப்போது. 1998இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், சுப்பீரியர் ஏரியிலிருந்து ஆண்டுக்கு 60 கோடி லிட்டர் வரை கப்பலில் ஏற்றி ஆசியாவுக்கு அனுப்ப ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. எல்லையின் இருபுறமும் எதிர்ப்பு கிளம்பவே உரிமம் ரத்தானது. அந்த ஏரிக்கு 60 கோடி லிட்டர் ஒரு பொருட்டே அல்ல. அச்சம் முன்னுதாரணத்தைப் பற்றியது. ஒருவருக்குக் கொடுத்ததை, அதே நிலையில் வரும் அடுத்த நாட்டவருக்கு மறுப்பது பாகுபாடு என்ற வாதம் உடனே கிளம்பும். உள்நாட்டவருக்கு இணையாக நடத்துதல், எல்லா உறுப்பு நாடுகளையும் சமமாக நடத்துதல் ஆகிய இரண்டும் இந்த ஒப்பந்தங்களின் முதுகெலும்பு.

நேராக "நீர் ஏற்றுமதிக்குத் தடை" என்று சட்டம் போட்டால் போதாதா?

அதுதான் இருப்பதிலேயே பலவீனமான வழி. உலக வர்த்தக அமைப்பின் சரக்கு வர்த்தக ஒப்பந்தமான காட்டின் 11ஆம் பிரிவு, ஏற்றுமதியைத் தடை செய்வதையும் அளவுக் கட்டுப்பாடு விதிப்பதையும் பொதுவாகத் தடுக்கிறது. (ஏற்றுமதி வரியை அந்தப் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் சில தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களும், சீனாவின் உலக வர்த்தக அமைப்புச் சேர்க்கை உடன்படிக்கை போன்றவையும் அதையும் கட்டுப்படுத்துகின்றன.)

தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. 11:2(அ) பிரிவின்படி, இன்றியமையாத பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு வரும்போது தற்காலிகத் தடை போடலாம். "தற்காலிக" என்ற சொல்லை, சீனா மூலப்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய வழக்கில் 2012இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு கண்டிப்பாகவே படித்தது. ஆண்டுக்கணக்கில் நீளும் தடைக்கு இது உதவாது. இன்னொரு வழி 20ஆம் பிரிவின் (ஜி) உட்பிரிவு: தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைப் பாதுகாப்பதற்கான நடவடிக்கை. தூய காற்றே அத்தகைய வளம் என்று 1996இல் அமெரிக்கப் பெட்ரோல் வழக்கில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனவே நன்னீரும் அதற்குள் வரும் என்று உறுதியாக வாதிடலாம். ஆனால் அந்த உட்பிரிவிலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: உள்நாட்டு உற்பத்தியையோ நுகர்வையோ கட்டுப்படுத்தும் நடவடிக்கையும் கூடவே நடைமுறையில் இருக்க வேண்டும். சீனாவின் அரிய மண் தனிம வழக்கில் 2014இல் இந்த விதிவிலக்குக் கோரிக்கை தோற்றது. உள்ளூர் ஆலைகள் வேண்டிய மட்டும் உறிஞ்சிக்கொள்ளட்டும், வெளிநாட்டுக்கு மட்டும் கிடையாது என்று சட்டம் எழுதினால் அதே கதி நேரும்.

அப்படியானால் சட்டத்தை எப்படி எழுத வேண்டும்?

நாட்டின் எல்லையை விட்டுவிட்டுப் படுகையின் எல்லையைப் பிடிக்க வேண்டும். "இந்தப் படுகையிலிருந்து மொத்தமாக நீரை வெளியே கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோவது உள்நாட்டவரானாலும் வெளிநாட்டவரானாலும், போகுமிடம் பக்கத்து மாவட்டமானாலும் பக்கத்து நாடானாலும்" என்பதே சாரம். இங்கே தடை செய்யப்படுவது நீரை எடுத்துக் கடத்தும் செயல், விற்பனை அல்ல. சரக்கு உருவாவதற்கு முன்பே சட்டம் குறுக்கே நிற்கிறது. தேசம் பார்த்துப் பாகுபாடு காட்டவில்லை என்பதும் வெளிப்படை.

கனடா 2001இல் தன் எல்லை நீர்ச் சட்டத்தை இப்படித்தான் திருத்தியது. கால்வாய், குழாய், சுரங்கம் வழியாகப் படுகைக்கு வெளியே திருப்புவதும், வேறு எந்த வகையிலும் நாளொன்றுக்கு 50,000 லிட்டருக்கு மேல் வெளியேற்றுவதும் "மொத்த வெளியேற்றம்" என்று வரையறுக்கப்பட்டன. சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகளைச் சுற்றியுள்ள 8 அமெரிக்க மாநிலங்களின் உடன்படிக்கையும் (2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது) படுகையையே எல்லையாகக் கொள்கிறது.

இரண்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைப் பார்த்துப் பாடம் கற்க வேண்டும். கனடாவின் வரையறை புட்டிநீரை உற்பத்திப் பொருள் என்று விலக்கிவிடுகிறது. அமெரிக்க உடன்படிக்கை 20 லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் போவதை மட்டும் திசைதிருப்பலாகக் கருதுகிறது; சிறிய புட்டிகளை அந்தந்த மாநிலத்தின் முடிவுக்கு விட்டுவிடுகிறது. நீர்த்தாங்கியைப் பொறுத்தவரை, ஒரு லட்சம் லிட்டர் லாரியில் போனாலும் ஒரு லட்சம் ஒரு லிட்டர் புட்டிகளில் போனாலும் இழப்பு ஒன்றுதான். புதிதாகச் சட்டம் எழுதுபவர்கள் கொள்கலனின் அளவை விட்டுவிட்டு, ஒரே உரிமையாளர் ஒரு நாளில் படுகைக்கு வெளியே அனுப்பும் மொத்த அளவை வரம்பாக வைக்க வேண்டும்.

வழக்கமாக நடக்கும் பிழைகள் இவை. சட்டத்தின் பெயரிலேயே "ஏற்றுமதி" என்ற சொல்லைப் போடுவது. உள்நாட்டுத் தொழிலுக்குச் சலுகை தரும் துணைவிதி. மேற்பரப்பு நீரை மட்டும் சொல்லி, அதோடு தொடர்புள்ள நிலத்தடி நீரை விட்டுவிடுவது. வரம்பைத் தாண்டாதபடி நான்கு ஆழ்துளைக் கிணறுகளுக்கு நான்கு பெயர்களில் உரிமம் வாங்க இடம் கொடுப்பது. இன்னொன்றும் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை: சட்டமன்றத்தில் "நம் தண்ணீர் நம் ஆலைகளுக்கே" என்று அமைச்சர் பேசினால், அந்த நடவடிக்கைக் குறிப்பு எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வந்து சேரும். நீர்ச்சமநிலைக் கணக்கு, ஆண்டு ஊறல், கோடைகாலக் குறைந்தபட்ச ஓட்டம் ஆகியவற்றைச் சட்டத்தின் நோக்கவுரையிலேயே வைப்பது நல்லது. பேரேரிகளில் உள்ள நீரில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதமே புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு அங்கே சட்டத்துக்குப் பெரும் பலமாக இருந்தது.

ஒப்பந்தத்திலேயே நீருக்கு விதிவிலக்கு எழுதிவிட்டால் கவலை தீருமா?

பாதி தீரும். ஐரோப்பிய ஒன்றியம்–கனடா ஒப்பந்தத்தின் 1.9 பிரிவு இதுவரை எழுதப்பட்டவற்றில் நல்ல மாதிரி. இயல்பு நிலை நீர் சரக்கல்ல என்கிறது முதல் பத்தி. எந்த நோக்கத்துக்காகவும் நீரை வணிகப் பயன்பாட்டுக்கு விட வேண்டிய கடமை எந்தத் தரப்புக்கும் இல்லை, மொத்த ஏற்றுமதிக்காக எடுப்பதும் திருப்புவதும் உட்பட, என்கிறது இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தியை நிதானமாகப் படியுங்கள்: குறிப்பிட்ட ஒரு நீராதாரத்தை வணிகத்துக்குத் திறந்துவிட்டால், அதை ஒப்பந்தத்துக்கு இசைவாகச் செய்ய வேண்டும். அதாவது கதவைத் திறக்காமல் இருக்க முழு உரிமை உண்டு. திறந்தபின் யார் உள்ளே வரலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்கிவிடும்.

வாசகம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒப்பந்த உடலில் இருந்தால் மிக வலிமை. நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலையில் வந்த ஒப்பந்தத்தோடு கனடாவும் அமெரிக்காவும் இணைத்துக்கொண்டது போன்ற பக்கக் கடிதம், அது ஒப்பந்தத்தின் பகுதி என்று அதிலேயே எழுதியிருந்தால் நல்லது. தனியாக வெளியிடும் கூட்டறிக்கை, பொருள்கொள்ள உதவுமே தவிர ஒப்பந்த விதிக்கு ஈடாகாது. முன்னுரையில் வரும் அழகான வாக்கியங்கள் எந்த வழக்கையும் தடுத்ததில்லை.

சரக்கு விதிகளைவிட முதலீட்டு விதிகள் ஆபத்து என்கிறார்களே, ஏன்?

சரக்குத் தகராறில் வழக்குப் போடுவது ஒரு அரசு. தோற்றால் பெரும்பாலும் நடவடிக்கையை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் நிறுவனமே நேரடியாக ஒரு சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும். தோற்றால் பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தங்கள் "முதலீடு" என்பதை அகலமாக வரையறுப்பதால் நீர் எடுப்பு உரிமமும் அதில் அடங்கிவிடுகிறது.

ஒரு வழக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் அபிடிபிபௌவாட்டர் நிறுவனம் தன் காகித ஆலையை மூடப்போவதாக 2008இல் அறிவித்தது. ஆலைக்காகத் தரப்பட்ட நீர், மர உரிமைகளை மாகாணம் சட்டம் இயற்றித் திரும்ப எடுத்துக்கொண்டது. நிறுவனம் அமெரிக்காவில் பதிவானது என்பதால் நாஃப்டாவின் கீழ் வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வரும் முன்பே, 2010இல், கனடா 13 கோடி கனடிய டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உரிமை தந்தது மாகாணம். பணம் கட்டியது மத்திய அரசு. இந்த இடைவெளியை எந்த நாட்டிலும் பார்க்கலாம்: உரிமத்தில் கையெழுத்துப் போடுபவருக்குப் பெரும்பாலும் ஒப்பந்தம் தெரியாது, ஒப்பந்தம் தெரிந்தவர் உரிமக் கோப்பைப் பார்ப்பதே இல்லை.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம், மூர்பர்க் அனல்மின் நிலையம் எல்பே ஆற்று நீரைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. ஸ்வீடனின் வாட்டன்ஃபால் நிறுவனம், எரிசக்தி முதலீடுகளைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான எரிசக்திச் சாசன ஒப்பந்தத்தின் கீழ் 2009இல் 140 கோடி யூரோ கேட்டு வழக்குப் போட்டது. நிபந்தனைகளைத் தளர்த்தி வழக்கை முடித்தார்கள். அந்த நிலையத்துக்கு அனுமதி தந்ததில் ஜெர்மனி இயற்கைப் பாதுகாப்பு விதியை மீறியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் கூறியது. ஒரு பக்கம் தளர்த்தியதற்குக் கண்டனம், மறுபக்கம் தளர்த்தாவிட்டால் வழக்கு.

சுற்றுச்சூழல் விதிவிலக்கு ஒப்பந்தத்தில் இருந்தும் அரசுகள் தோற்பது எப்படி?

கொலம்பியாவின் சாந்தூர்பான் உயர்மலைப் புல்வெளி, புகராமங்கா நகரின் குடிநீர்த் தாய்மடி. அங்கே சுரங்கம் தோண்டுவதற்கு வந்த தடையை எதிர்த்துக் கனடாவின் எகோ ஓரோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கனடா–கொலம்பியா ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் விதிவிலக்கு தெளிவாகவே இருந்தது. இருந்தும் 2021இல் தீர்ப்பாயத்தின் பெரும்பான்மை சொன்னது: நடவடிக்கை எடுக்க விதிவிலக்கு அனுமதிக்கலாம், இழப்பீடு தரும் கடமையை அது நீக்கவில்லை. கடைசியில் 2024இல், சேதம் நிரூபிக்கப்படவில்லை என்று பணம் ஏதும் வழங்கப்படவில்லை. ஆனால் அந்தக் காரணம் அப்படியே நின்றுவிட்டது. எனவே இனி எழுதும் விதிவிலக்கில் "இத்தகைய நடவடிக்கை ஒப்பந்த மீறல் ஆகாது, இதற்காக இழப்பீடு கோர முடியாது" என்று இரண்டையும் வெளிப்படையாக எழுத வேண்டும். முதல் பாதி மட்டும் போதாது.

மறுபக்கமும் உண்டு. நிலத்தடி நீரைக் கெடுத்த எம்டிபிஈ என்ற பெட்ரோல் சேர்பொருளைக் கலிஃபோர்னியா தடை செய்ததை எதிர்த்துக் கனடாவின் மெத்தனெக்ஸ் நிறுவனம் 97 கோடி டாலர் கேட்டது. 2005இல் முழுமையாகத் தோற்றது. பொது நோக்கம், பாகுபாடின்மை, முறையான நடைமுறை ஆகிய மூன்றும் இருந்தால் அது பறிமுதல் அல்ல, முதலீட்டாளருக்கு அரசு குறிப்பாக வாக்குறுதி எதுவும் தந்திராத பட்சத்தில் என்றது தீர்ப்பாயம். அந்தக் கடைசி நிபந்தனைதான் நடைமுறையில் ஆளைக் கவிழ்ப்பது. முதலீட்டு மாநாட்டுக் கையேட்டில் "தங்குதடையற்ற நீர் உறுதி" என்று அச்சிட்ட ஒரு வரி, ஓர் அதிகாரி அனுப்பிய ஊக்கமூட்டும் மின்னஞ்சல் எல்லாமே வாக்குறுதி என்று காட்டப்படும்.

நீர் எடுப்பு உரிமத்தில் என்ன வாசகங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்?

முதலாவது, இந்த உரிமம் நீரின் மீது சொத்துரிமை எதையும் தரவில்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பயனுக்கு, குறிப்பிட்ட அளவு எடுக்கும் அனுமதி மட்டுமே. காலம் குறுகியதாக இருக்கட்டும். 5 ஆண்டு என்பது நியாயமான அளவு. புதுப்பித்தல் உரிமையாகாது என்று தனி வரியில் எழுதுங்கள்.

குறைப்புக்கான தூண்டுநிலையை எண்ணாக எழுதுவது மிக முக்கியம். "தேவைப்பட்டால் அரசு குறைக்கலாம்" என்பது தன்னிச்சையான அதிகாரம் போலத் தெரியும். "கண்காணிப்புக் கிணற்றில் நீர்மட்டம் தரையிலிருந்து இத்தனை மீட்டருக்குக் கீழ் 30 நாள் தொடர்ந்து இருந்தால், எல்லா உரிமதாரர்களின் அளவும் இத்தனை சதவீதம் குறையும், இதற்கு இழப்பீடு இல்லை" என்பது முதல் நாளே தெரிந்த விதி. தெரிந்த விதி நடைமுறைக்கு வரும்போது எதிர்பார்ப்பு உடைந்தது என்று வாதிடுவது கடினம்.

நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினால் முன் அனுமதி வேண்டும் என்ற விதியும் தேவை. எல் சல்வடார் மீது வழக்குத் தொடுத்த பசிபிக் ரிம் என்ற கனடியச் சுரங்க நிறுவனம், தன் கேமன் தீவுத் துணை நிறுவனத்தை 2007இல் அமெரிக்காவின் நெவாடாவுக்கு மாற்றி, அமெரிக்காவுக்கும் மத்திய அமெரிக்க நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தத்துக்குள் நுழையப் பார்த்தது. அந்த வாசல் அடைபட்டது. ஆனால் எல் சல்வடாரின் சொந்த முதலீட்டுச் சட்டமே சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இசைவு தந்திருந்ததால் வழக்கு அதன் வழியே தொடர்ந்தது. 2016இல் நாடு வென்றது, 80 லட்சம் டாலர் செலவுத் தொகையும் கிடைத்தது. அதற்குள் ஏழாண்டுகள் ஓடிவிட்டன. உங்கள் உள்நாட்டு முதலீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு இசைவு ஒளிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

நீண்டகால விலை உறுதி வேண்டவே வேண்டாம். சிங்கப்பூருக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கும் இடையிலான 1962 ஒப்பந்தம் சிங்கப்பூருக்கு நாளொன்றுக்கு 25 கோடி காலன் மூலநீரை, ஆயிரம் காலனுக்கு 3 சென் (மலேசியக் காசு) என்ற விலையில், 2061 வரை தருகிறது. 25 ஆண்டு கழித்து விலையை மறுபரிசீலிக்க வழி இருந்தது. 1987இல் மலேசியா அதைப் பயன்படுத்தவில்லை. அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. மறுபரிசீலனைத் தேதி என்று எழுதினால் போதாது, அது தவறினால் என்ன ஆகும் என்றும் எழுத வேண்டும்.

குடிநீர் வழங்கலைத் தனியாருக்குக் கொடுத்தால் வர்த்தக ஒப்பந்தம் அதையும் பிடிக்குமா?

சேவை வர்த்தக ஒப்பந்தமான காட்ஸில், அரசு அதிகாரத்தின்படி வழங்கும் சேவைக்கு விலக்கு உண்டு. ஆனால் அது வணிக அடிப்படையிலும் இருக்கக் கூடாது, போட்டியிலும் இருக்கக் கூடாது. கட்டணம் வசூலித்துத் தனியார் நடத்தும் குழாய்நீர் அந்த விலக்குக்குள் நிற்பது சந்தேகம். அதைவிடக் கவலைக்குரியது ஒன்று: காட் ஒப்பந்தத்தில் இருக்கும் இயற்கை வளப் பாதுகாப்பு விதிவிலக்குக்கு இணையான விதி காட்ஸின் 14ஆம் பிரிவில் இல்லை. மனித, விலங்கு, தாவர உயிரையும் நலத்தையும் காக்கும் விதி மட்டுமே உண்டு.

எனவே, திறந்துவிடுவதாக நாடு வாக்களிக்கும் சேவைகளின் பட்டியலில் நீரைச் சேர்க்காமல் இருப்பதே வழி. சேர்த்தபின் விலக்கிக்கொள்ள 21ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு காத்திருந்து, மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து, பாதிக்கப்படும் நாடுகளுக்கு ஈடாக வேறு சலுகையும் தர வேண்டும். விலக்கியவை மட்டுமே தப்பும் எதிர்மறைப் பட்டியல் முறையில், "நீர் சேகரிப்பு, சுத்திகரிப்பு, விநியோகம்" என்று பெயர் சொல்லி, எதிர்கால நடவடிக்கைகளுக்கும் இடம்தரும் இணைப்பில் வைக்க வேண்டும். இப்போதுள்ள நடவடிக்கைகளுக்கான இணைப்பில் வைத்தால், ஒருமுறை தளர்த்தியதைத் திரும்ப இறுக்க முடியாமல் போகும்.

தண்ணீர் மனித உரிமை என்று ஐநா சொல்லிவிட்டதே, வழக்கில் அது உதவாதா?

ஐநா பொதுச்சபை 2010 ஜூலையில் அப்படித் தீர்மானித்தது. ஆனால் புவனோஸ் ஐரிஸ் குடிநீர் வழக்கில், நெருக்கடிக் காலத்தில் கட்டணத்தை உறையவைத்த அர்ஜென்டினா, மனித உரிமைக் கடமையையும் முதலீட்டுக் கடமையையும் சேர்த்தே நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. 2015இல் 40.5 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. உரிமையைத் தனியாகச் சொன்னால் போதாது; ஏழைகளுக்கான கட்டண வரம்பு, குறைந்தபட்ச வழங்கல் அளவு என்று குத்தகை ஒப்பந்தத்திலேயே அதைக் கடமையாக எழுதிவைத்தால்தான் பயன்.

கப்பலில் தண்ணீர் போவதைவிட வேளாண் ஏற்றுமதியில் அதிகம் போகிறதே?

உண்மை. கடலில் மொத்தமாக நீர் கடத்துவது செலவு மிக்கது. துருக்கியின் மானவ்காத் ஆற்றிலிருந்து ஆண்டுக்கு 5 கோடி கன மீட்டர் இஸ்ரேலுக்கு அனுப்பும் 2004 ஒப்பந்தம்கூட நிறைவேறாமல் போனது. பயிரில் ஒளிந்து போகும் மறைநீரை எந்த வர்த்தக ஒப்பந்தமும் நீராகக் கணக்கிடுவதில்லை. அதைத் தடுக்கும் இடம் பாசனக் கிணறு மட்டுமே. அரிசோனாவில் சவூதி நிறுவனம் ஒன்று அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நிலத்தடி நீரை வரம்பின்றி இறைத்துக் கால்நடைத் தீவனம் வளர்த்து ஏற்றுமதி செய்தது. 2023இல் மாநிலம் ஒரு குத்தகையை நிபந்தனை மீறலுக்காக ரத்து செய்தது. மற்றவற்றைப் புதுப்பிக்க மறுத்தது. குத்தகையில் காலமும் நிபந்தனையும் இருந்ததால்தான் அது முடிந்தது.

முதலீட்டு ஒப்பந்தத்தை விட்டே வெளியேறிவிட்டால்?

வெளியேறலாம், ஆனால் பாதுகாப்பு உடனே முடியாது. ஏற்கெனவே வந்த முதலீடுகளுக்கு 10 முதல் 20 ஆண்டு வரை பாதுகாப்பு நீடிக்கும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. எரிசக்திச் சாசனத்தில் 20 ஆண்டு. இரு நாடுகளும் சேர்ந்து அந்த நீடிப்பு விதியை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு ஒப்பந்தத்தை முடிப்பது மேலான வழி.

வழக்குத் தொடுக்கப்போவதாக நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பல ஒப்பந்தங்களில் நோட்டீஸுக்கும் வழக்குக்கும் இடையே 90 நாள் முதல் ஆறு மாதம் வரை இடைவெளி உண்டு. அந்தக் காலத்தில் உரிமக் கோப்பு, கூட்டக் குறிப்பு, மின்னஞ்சல், நீர்மட்ட அளவீடு அனைத்தையும் அழியாமல் பூட்டிவையுங்கள். நிறுவனத்தின் உரிமையாளர் சங்கிலியைத் தேதிவாரியாக வரையுங்கள். தகராறு தெரிந்தபின் நாடு மாறியிருந்தால் அதுவே அதிகார வரம்பை எதிர்க்கும் முதல் வாதம். உரிமம் வழங்கிய கீழ்நிலை அலுவலகம் தானாக நிறுவனத்துக்குப் பதில் எழுதுவதை நிறுத்துங்கள். உள்ளூர்ப் பங்குதாரருக்கு மட்டும் அவசரப்பட்டு இழப்பீடு தராதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நீர் ஏற்றுமதித் தடைக்குப் பின், உள்ளூர்க் கூட்டாளியோடு மாகாணம் சமரசம் செய்துகொண்டு தன்னை விட்டுவிட்டது என்பதே சன் பெல்ட் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் 1998இல் நாஃப்டா நோட்டீஸ் அனுப்பக் காரணமாயிற்று.

பாதிக்கப்படும் ஊர்களும் அமைப்புகளும் வழக்கில் தரப்பாகச் சேர முடியாது. ஆனால் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு எழுத்துமூலம் கருத்துத் தரலாம். தான்சானியா குடிநீர் வழக்கில் பொதுநல அமைப்புகளின் மனு ஏற்கப்பட்டது. ஒப்பந்த மீறல் என்று 2008இல் தீர்ப்பாகியும் நிறுவனத்துக்கு ஒரு காசுகூட வழங்கப்படவில்லை. கருத்து மனுவைச் சுருக்கமாக, அரசும் நிறுவனமும் சொல்லாத உண்மைகளை மட்டும் வைத்து எழுதுங்கள்: எந்தக் கிணறு எப்போது வற்றியது, அளவீடு எத்தனை, யார் அளந்தார்கள் என்பவை.